மாப்பிள்ளை வாபஸ்

எங்கள் வீட்டில் முதலாளி என் மனைவி. நான் சம்பளமில்லாத கணக்குப்பிள்ளை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "இனிமே பில்லெல்லாம் நீங்க போட்டுருங்க, உங்களுக்கும் பொழுது போகும்" என்றாள். பாருங்கள், வேலைக்காலம் பூராவும் ஆபீசில் பொழுதைப் போக்கியே சம்பளம் வாங்கினவனுக்கு வீட்டில் பொழுது போகாதாம்!

வியாபாரம் பாரம்பரிய அரிசி. தஞ்சாவூர் கரந்தையில் எங்கள் வாசல் அறையில் என் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது கருப்புக் கவுனி, தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, குள்ளக்கார் என்று மூட்டைகள். இதற்கெல்லாம் மூலம் என் மைத்துனர். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திவந்த நெல் திருவிழாவுக்குப் போய் விதைநெல் வாங்கிவந்தார். அங்கே கணக்கு எளிது: 2 கிலோ வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பில் கிடையாது, வரி கிடையாது. உலகம் அதோடு நின்றிருந்தால் நானும் கட்டிலிலேயே கிடந்திருப்பேன். ஆனால் 2022 ஜூலை 18-ஆம் தேதியிலிருந்து, 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி என்று வந்துவிட்டது. மனைவியோ லேபிள் ஒட்டுவதில் கெட்டிக்காரி. ஆகவே பில் வந்தது, பில்லுக்கு ஒரு சாப்ட்வேர் வந்தது, சாப்ட்வேருக்கு நான் வந்தேன்.

அந்த சாப்ட்வேர் யார் செய்தது என்று சொல்லமாட்டேன். அவரும் பிள்ளைகுட்டிக்காரராக இருப்பார். வெளியிலிருந்து எதையும் உள்ளே ஏற்றிக்கொள்ளாத சாப்ட்வேர் அது. வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர்களை மனைவி எக்செல் தாளில் போட்டுவைப்பாள்: என்ன அரிசி, பழசா புதுசா, எத்தனை பை, குறிப்பு என்ன. நான் அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கட்டத்திலும் அடித்து என்டர் தட்டவேண்டும். தட்டினால்தான் அடுத்த கட்டம். ராத்திரித் தூக்கத்தில்கூட என் சுண்டுவிரல் தனியாகத் துடிக்கிறது என்று மனைவி சொன்னாள். அனுதாபமாகச் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள், அவள் தூக்கம் கெடுகிறதாம்.

அதனால் யூடியூப் பார்த்து நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எழுதினேன் என்றால், ஒரு பையன் எழுதியதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அடித்தேன். எக்செல்லில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, கீபோர்டில் நான் அடிப்பதாகவே விண்டோஸை நம்பவைத்து, என்டரும் தட்டும். அது முதன்முதலாக ஓடியபோது கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, அடுக்களைக்குக் கேட்கும்படி இருமினேன்.

இந்த வகை ஸ்கிரிப்டில் ஒரு சங்கதி உண்டு. அது சாப்ட்வேருக்கு அடிப்பதில்லை. திரையில் எந்த விண்டோ முன்னால் நிற்கிறதோ அதற்கு அடிக்கிறது. யூடியூப் பையன் இதைச் சொல்லியிருப்பான். அப்போது நான் காபி குடிக்கப் போயிருப்பேன். ஒரு சாயங்காலம் ஸ்கிரிப்ட் மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, பேத்தி போட்டோ வந்திருப்பதாகத் திரையின் மூலையில் ஒரு துண்டு எட்டிப் பார்த்தது. தட்டினேன். மகள் வீட்டாரும் நாங்களும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப் வந்து முன்னால் நின்றது. பேத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கண்ணெதிரே, ஒவ்வொரு என்டருக்கும் ஒரு செய்தியாக, என் பெயரில் இவை போயின:

மாப்பிள்ளை
பழசு
1
வாபஸ்
குள்ளக்கார்
புதுசு
2
பாக்கி

எங்கள் சம்பந்தி உயரத்தில் கொஞ்சம் சிக்கனமானவர். அதுவும் சம்பா அறுவடை நேரம். மனுஷன் மன்னார்குடி பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே என்று நெல்லைத் திருப்பிவிடுவார்களோ என்ற கவலையில் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில், அந்த நேரத்தில், செல்லைத் திறந்தால் "வாபஸ்". உடனே போன்.

"என்ன சம்பந்தி இது, பிள்ளை பொறந்தப்புறம் வாபஸுங்கிறீங்க?"

"ஐயோ, அது அரிசிங்க. ஒரு பையில வண்டு இருந்துச்சுன்னு திருப்பிட்டாங்க."

"வண்டா?" என்றார்.

அதற்கு மேல் பேசியது என் மனைவி. மாப்பிள்ளை மட்டும் பெருந்தன்மையாகக் குரூப்பில் ஒரு கட்டைவிரல் போட்டார். பழசு என்பதை ஒத்துக்கொண்டாரா, வாபஸை ஒத்துக்கொண்டாரா என்று கேட்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

மாசியில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வந்தான் அக்கா மகன். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். கதையைக் கேட்டுச் சிரித்து முடிக்கவே அவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் தேவைப்பட்டது. பிறகு, "மாமா, கண்ணை மூடிக்கிட்டு கீ அடிக்கக் கூடாது. கட்டத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அது கையில குடுக்கணும்" என்றான்.

விஷயம் இதுதான். திரையில் நாம் பார்க்கும் படத்துக்குப் பின்னால் விண்டோஸ் இன்னொரு விவரப் பட்டியலும் வைத்திருக்கிறது: இது எழுதுகிற கட்டம், இதன் பெயர் 'அளவு', இப்போது இதில் இருப்பது 10, இது பட்டன், இதை அழுத்தலாம். யாருக்காக? பார்வையற்றவர்களுக்காக. அவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் இந்தப் பட்டியலைப் படித்துத்தான் வாய்விட்டுச் சொல்கிறது. மைக்ரோசாஃப்ட் 1997-லேயே இதற்கு ஒரு வழி போட்டது. விண்டோஸ் விஸ்டா வந்த சமயத்தில் அதற்கு அடுத்தபடியாக இன்னும் அகலமான ஒரு வழி போட்டு 'யுஐ ஆட்டோமேஷன்' என்று பெயர் வைத்தது. அதே காலத்தில், 2006-ல், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன், விலை கொடுத்து வாங்குகிற திரைவாசிப்பான்கள் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்று என்விடிஏ என்பதைத் தானே எழுதத் தொடங்கி இலவசமாகக் கொடுத்தார். இன்று அது தமிழும் பேசுகிறது. அவர்களுக்காகப் போட்ட பாதையில், இரண்டு கண்ணும் தெரிந்தும் சம்பந்தியைத் தெரியாமல் குள்ளக்கார் என்று அழைத்த நான் நுழைந்தேன்.

அக்கா மகன் பைவின்ஆட்டோ என்ற இலவசக் கருவியை வைத்து ஸ்கிரிப்டை மாற்றி எழுதினான். இப்போது அது 'அளவு' என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்து அதற்குள் நேராக 10 என்று வைக்கிறது. முன்னால் பேத்தி நின்றாலும் சரி, சம்பந்தியே நேரில் வந்து நின்றாலும் சரி, தப்பான இடத்துக்குப் போகாது. கட்டம் கிடைக்காவிட்டால் பேசாமல் நின்றுவிடும்.

நின்றது. 'சேமி' பட்டனில் நின்றது. இன்ஸ்பெக்ட் என்ற கருவியை வைத்துப் பார்த்தால், பட்டியலில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. சாப்ட்வேர்க்காரர் அழகுக்கு ஆசைப்பட்டு அதை வெறும் படமாக வரைந்துவிட்டார். பெயருமில்லை, பட்டன் என்ற அடையாளமுமில்லை. அக்கா மகன் என்விடிஏவைப் போட்டுக் காட்டினான். கட்டம் கட்டமாகக் கணீரென்று படித்துவந்த குரல் அங்கே வந்ததும் ஊமை. பார்வையற்ற ஒருவர் இந்த சாப்ட்வேரில் பில் முழுக்கவும் அடித்துவிடலாம், சேமிக்க முடியாது. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் போட்ட வழக்குகளில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவதும் வாழும் உரிமையில் சேர்த்தி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் சொன்னது. வங்கிக் கணக்கு தொடங்கக் கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொல்லியிருக்கிறார்கள், சிமிட்ட முடியாதவர்களிடம்! நம் சாப்ட்வேர்க்காரர் தீர்ப்பைப் படித்தாரா தெரியாது. பட்டன் இன்னும் படமாகத்தான் இருக்கிறது.

"ஒரு வகையில நல்லது மாமா. காசு விஷயத்துல கடைசிப் பட்டன் மனுஷன் கையில இருக்கட்டும். பில்லை ஒரு தடவை பார்த்துட்டு நீங்களே அழுத்துங்க" என்றான். ஆபீசிலும் கடைசிக் கையெழுத்து மட்டும்தான் என் வேலை. பார்த்துவிட்டுப் போடவேண்டும் என்று அங்கே யாரும் வற்புறுத்தியதில்லை.

அடுத்து வந்தது அதிகாரப் பிரச்சினை. இந்த சாப்ட்வேரை நிறுவியவர் 'அட்மினாக ஓட்டு' என்று அமைத்துவிட்டுப் போயிருந்தார். அதுவரை ஸ்கிரிப்டையும் அட்மினாகவே ஓட்டிவந்தோம். சாதாரண அதிகாரத்தில் ஓட்டினால் அதனால் சாப்ட்வேரைத் தொடமுடியவில்லை. விஸ்டாவிலிருந்து விண்டோஸில் இப்படி ஒரு கட்டுப்பாடு. மாமியார் மருமகளிடம் காபி கேட்கலாம், மருமகள் மாமியாரிடம் கேட்க முடியாது. என்விடிஏ போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் டிஜிட்டல் கையெழுத்து இருக்கவேண்டும், புரோகிராம் ஃபைல்ஸ் போன்ற காவலுள்ள இடத்தில் நிறுவியிருக்கவேண்டும். "அப்ப ஸ்கிரிப்டும் அட்மினாவே இருக்கட்டும்டா" என்றேன். அவன் பார்த்த பார்வையில் நான் காபி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சாப்ட்வேரின் பதவியைக் குறைத்து, அதற்கு வேண்டிய ஒரே ஒரு ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று எனக்கும் தோன்றியது. அவன் என் செல்லை வாங்கிக் காட்டினான். பார்வையற்றவர்களுக்கான வசதி செல்லிலும் இருக்கிறது. அந்த அனுமதியை ஒரு திருட்டு ஆப் வாங்கிவிட்டால், திரையில் இருப்பதைப் படிக்கும், நமக்குப் பதிலாக பட்டனையும் அழுத்தும், வங்கி ஆப் உட்பட. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் அனுப்பி ஏமாற்றுகிறார்களே, அதிலும் இந்த மாதிரி ஆப்கள்தான் ஒளிந்துவருகின்றன. ஆண்ட்ராய்டு 13-லிருந்து, பிளே ஸ்டோருக்கு வெளியே இறக்கின ஆப் இந்த அனுமதியை லேசில் வாங்கமுடியாதபடி ஒரு தடை வைத்திருக்கிறார்கள். நான் அதற்கும் மேலே போய், தஞ்சாவூர் ஜில்லாவில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வந்து குவிகிற பத்திரிகைகளில் ஒன்றையும் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். சித்தப்பா வீட்டுக் கல்யாணம் அப்படித்தான் கைநழுவியது. அவர்கள் இன்னும் பேசுவதில்லை. பணம் பத்திரமாக இருக்கிறது.

சாப்ட்வேரைத் திறக்கும் பாஸ்வேர்டுக்கு வருவோம். பாஸ்வேர்ட் அடிக்கும் கட்டத்தை மட்டும் அந்த விவரப் பட்டியல் 'இது பாஸ்வேர்ட்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும், உள்ளே இருப்பதைக் காட்டாது. விண்டோஸ் அவ்வளவு பக்குவமாகக் காத்த ரகசியத்தை நான் ஸ்கிரிப்டின் முதல் வரியில், மறந்துபோகாமல் இருக்க, பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தேன். அக்கா மகன் ஒன்றும் சொல்லாமல் அழித்தான். இப்போது அது விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் இருக்கிறது. பாஸ்வேர்டும் புதுசு. எனக்குச் சொல்லவில்லை.

இவனே ஒரு சமயம் உற்சாகம் மிகுந்துபோய், "அத்தை, வாட்ஸ்அப் ஆர்டரை ஏஐயே படிச்சு, அதுவே பில் போடுற மாதிரி பண்ணிரலாம்" என்றான். மனைவி, "அதுல எழுதியிருக்கறதையெல்லாம் அது கேட்டுக்குமா?" என்றாள். "கேட்டுக்கும் அத்தை." "அப்ப 'பழைய பாக்கியைக் கழிச்சுரு'ன்னு கீழவாசல்காரர் எழுதினா?" அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. உலகத்தில் பெரிய பெரிய கம்பெனிகள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் இடமாம் அது. கீழவாசல்காரரின் பாக்கியும் ரொம்ப நாளாக அப்படித்தான் இருக்கிறது.

ஆக ஏற்பாடு இப்படி முடிந்தது. ஸ்கிரிப்ட் தானாகவே கட்டங்களை நிரப்பும். ஆனால் திரை பூட்டிக்கொண்டால் அதனால் வேலை செய்யமுடியாது. பூட்டாமல் விட்டு எழுந்துபோனால் வாசல் அறைக்கு அரிசி வாங்க வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்துவிடலாம். எனவே அது ஓடும்போதெல்லாம் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கவேண்டும். முன்பு சாயங்காலமெல்லாம் நான் பில் அடித்தேன். இப்போது சாயங்காலமெல்லாம் அது அடிப்பதைப் பார்க்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் முன்னால் ஸ்கிரிப்டுக்கென்று தனியாக ஒரு யூசர் அக்கவுண்ட் போட்டான்: எதையும் நிறுவ முடியாது, எதையும் அழிக்க முடியாது, பில் மட்டும் போடலாம். அட்மின் அக்கவுண்டை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு, "மாமாவுக்கு எது குடுக்கலாம் அத்தை?" என்று கேட்டான்.

அவள் குள்ளக்கார் பைக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஸ்கிரிப்டுக்கு என்ன குடுத்தியோ அதே போதும்ப்பா. அந்த வாட்ஸ்அப்பை மட்டும் எடுத்துரு."