நகராத கேமராவின் பக்தர்

சீனமொழிக் கலைப்பட அன்பர் என்பவர் ஹாங்காங், தைபே, பெய்ஜிங் ஆகிய மூன்று நகரங்களிலும் ஏறத்தாழ ஒரே இயல்போடு காணப்படும் சமூக வகையினர் ஆவார். ஹாங்காங்கில் யாவ் மா தே பகுதியிலுள்ள பிராட்வே சினமாதெக் திரையரங்கை ஒட்டிய காப்பிக்கடையிலும், தைபேயில் ஆண்டுதோறும் நவம்பரில் நடைபெறும் தங்கக் குதிரைத் திரைவிழாவின் நுழைவு வரிசையிலும் அவரைத் தவறாமல் காணலாம். தோற்றத்தைக் கொண்டு அவரை இனங்காண்பது கடினமேயாயினும், படம் முடிந்ததும் அவர் நடந்துகொள்ளும் முறை அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அரங்கில் விளக்கெரிந்த பின்னரும் எழாமல் சற்று நேரம் வெண்திரையை நோக்கி அமர்ந்திருப்பார். அருகிலிருப்பவர் படம் நன்றாக இருந்ததாகச் சொன்னால், அச்சொல் வணிகப்படங்களுக்கு உரியது என்பதை ஒரு புருவ அசைவால் உணர்த்திவிட்டு, காப்பிக்கடை நோக்கி நடப்பார். விவாதம் அங்கேதான் தொடங்கும்.

அவருடைய மதிப்பீட்டு முறை நிமிடக் கணக்கை அடிப்படையாகக் கொண்டது. ‘ஷாட்’ எனப்படுவது ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே இடையறாது ஓடும் காட்சித் துண்டு. வணிகப்படத்தில் அது சில நொடிகளில் முடிந்துவிடும் என்பதால், அது முடியாமல் நீள்வதையே அன்பர் கலையின் முதல் இலக்கணமாகக் கொள்கிறார். மலேசியாவின் கூச்சிங் நகரில் பிறந்து தைவானில் இயங்கும் சாய் மிங்-லியாங் இயக்கிய ‘விவ் லமூர்’ (1994), பூங்கா இருக்கையொன்றில் அமர்ந்து ஒரு பெண் ஏறத்தாழ ஆறு நிமிடம் அழுவதோடு நிறைவுறுகிறது. அவருடைய ‘தெருநாய்கள்’ (2013) படத்திலோ இருவர் ஒரு சுவரோவியத்தை ஏறத்தாழ 14 நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். ஆறு நிமிடத்தைத் தாங்கியவர் தொடக்கநிலை மாணவராகவும், பதினான்கைத் தாங்கியவர் பட்டதாரியாகவும் கொள்ளப்படுவர். இடையில் கண்ணயர்ந்தவர் கலங்கவேண்டியதில்லை. அவ்வுறக்கமும் இயக்குநர் அருளிய அனுபவமே என்று நிறுவுவதற்கு அன்பரிடம் கோட்பாடு உண்டு. கைப்பேசியை எடுத்து மணி பார்த்தவருக்கு மட்டும் எக்கோட்பாட்டிலும் மன்னிப்பில்லை.

இவ்வகையினரிடையே நிலவும் மிகப் பழைய பூசல், 1980களில் தைவானில் எழுந்த ‘புதிய சினிமா’ இயக்கத்தின் இருபெரும் இயக்குநர்களான ஹோ ஷியாவ்-ஷியென், எட்வர்ட் யாங் ஆகியோரைப் பற்றியது. ஹோவின் தரப்பினர், கதைமாந்தரை நெருங்காமல் தொலைவில் நின்று பார்க்கும் அவருடைய கேமராவைப் போற்றி, 40-க்கும் குறைவான ஷாட்டுகளில் முழுவதும் உள்ளரங்கிலேயே நிகழும் ‘ஷாங்காய் மலர்கள்’ (1998) படத்தைத் தம் மூல நூலாகக் கொள்வர். யாங்கின் தரப்பினர், கண்ணாடிச் சுவர்களில் நகர மனிதரின் தனிமையைப் பிரதிபலிக்கச் செய்த அவருடைய நுட்பத்தைச் சுட்டி, ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் ‘ஒளிமிகு கோடை நாள்’ (1991) படத்தை முன்வைப்பர். ஹோவின் ‘துயர நகரம்’ (1989) வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது பெற்றதை ஒரு தரப்பு எடுத்துரைத்தால், விருதைக் கொண்டு கலையை அளப்பவரோடு பேசிப் பயனில்லை என்று மறுதரப்பு வருந்தும். சற்றுநேரம் கழித்து, யாங் 2000-இல் ‘யி யி’ படத்துக்காகக் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றதை அதே மறுதரப்பு நினைவூட்டும். ‘துயர நகரம்’ தைவானில் பெருங்கூட்டம் திரண்டு பார்த்த வெற்றிப்படமும்கூட என்பதை இரு தரப்புமே நாகரிகம் கருதிக் குறிப்பிடுவதில்லை.

ஹாங்காங்கின் வோங் கார்-வாயை விரும்புவோர் இவ்வகையின் கிளைப்பிரிவினர் ஆவர். நறுமணமும் சிகரெட் புகையும் மெல்லியக்க நடையும் கொண்ட ‘இன் த மூட் ஃபார் லவ்’ (2000) படத்தை, கலைப்படம் என்றாலே அஞ்சுபவர்களும் பார்த்து மகிழ்ந்துவிட்டமையால், பட்டதாரிகள் இக்கிளைப்பிரிவினரைச் சம ஆசனத்தில் அமர்த்துவதில்லை. ஆயினும் 2020-க்குப் பின் அவர்களுக்கும் ஒரு வீரவரலாறு வாய்த்தது. வோங் கார்-வாய் தம் பழைய படங்களைப் புதுப்பித்தபோது சிலவற்றின் வண்ணச் சாயலை மாற்றியதோடு, ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ (1995) படத்தின் திரைச் சட்டகத்தின் அகலத்தையும் கூட்டினார். படத்தை எடுத்தவரே விரும்பிச் செய்த மாற்றம் என்ற விளக்கம் அன்பரிடம் எடுபடவில்லை. தம் படத்தின் நிறம் எதுவென்பதை இயக்குநர் மறந்துவிட்டார் என்றும், பழைய குறுந்தட்டின் வழியே அதைத் தாம் நினைவில் வைத்திருப்பதாகவும் அறிவித்து, படைத்தவரிடமிருந்தே படைப்பைக் காக்கும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

சீனப் பெருநிலத்து அன்பரின் கல்வி பெரும்பாலும் திருட்டுக் குறுந்தட்டுகளால் நிகழ்ந்தது. ஷான்ஷி மாகாணத்தின் ஃபென்யாங் நகரில் பிறந்த ஜியா ஜாங்கேயின் தொடக்கப் படங்கள் அரசின் ஒப்புதலின்றி எடுக்கப்பட்டமையால், அவற்றைத் திரையரங்கில் காணும் வழி அன்று இருக்கவில்லை. இதை அவரே ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ (2002) படத்தில் கேலி செய்திருக்கிறார்: தெருவில் திருட்டுத் தட்டு விற்கும் இளைஞனிடம் ஒருவர் வந்து ஜியாவின் முந்தைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்கிறார். அன்பருக்கு அது பொற்காலம். ‘தி வேர்ல்ட்’ (2004) முறையான ஒப்புதலோடு வெளிவந்தபோது, தடைசெய்யப்படாத ஜியாவை எவ்வாறு நேசிப்பது என்ற நெருக்கடி அவருக்கு ஏற்பட்டது. ‘சிவப்புச் சோளம்’ (1987) எடுத்த ஜாங் யிமோ பின்னாளில் பெருஞ்செலவு வாட்போர்ப் படங்களுக்கு மாறியதைக் கண்டு ஏற்கெனவே காயம்பட்டிருந்தவர் அவர். ஆகவே ஒவ்வோர் இயக்குநரையும் முந்தையவர், பிந்தையவர் என இருவராகப் பிரித்து, முந்தையவரை மட்டுமே மதிக்கும் முறையை வகுத்துக்கொண்டார்.

கலைப்படம் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பது அன்பர் வாழ்நாளெல்லாம் முழங்கும் கோரிக்கை. அது நிறைவேறிய நாள் 2018 டிசம்பர் 31. இளம் இயக்குநர் பி கானின் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ படத்தின் பிற்பகுதி, முப்பரிமாணத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீளும் ஒரே ஷாட்டால் ஆனது. விளம்பரக்காரர்களோ இதை முன்னிறுத்தாமல், நள்ளிரவில் படம் முடியும் வேளையில் காதலர்கள் முத்தமிட்டுப் புத்தாண்டை வரவேற்கலாம் என்று அழைத்துவிட்டனர். சீனமெங்கும் அரங்குகள் நிரம்பின. முத்தத்துக்கு வந்த இணையர்கள் கதை புரியாமல் கொதித்தெழுந்தனர். மறுநாளே வசூல் சரிந்தது. அரங்கு நிறைந்ததற்கு மகிழ்வதா, நிறைத்தவர்கள் யார் என்பதற்கு நாணுவதா என்று முடிவெடுக்க இயலாமல் தவித்த அன்பர், அவர்கள் திட்டித் தீர்த்ததைக் கேட்ட பின்னரே, படம் உண்மையில் சிறந்ததுதான் என்ற நிம்மதியை அடைந்தார்.

இப்பூசல்களில் சிறிதும் ஈடுபாடு காட்டாதவர்கள் அவ்வியக்குநர்கள் மட்டுமே. எட்வர்ட் யாங்கின் ‘தைபே ஸ்டோரி’ (1985) படத்துக்காகத் தம் வீட்டை அடகு வைத்ததோடு அதில் நாயகனாகவும் நடித்தவர், எதிரணியின் தலைவராகக் கருதப்படும் ஹோ ஷியாவ்-ஷியென். அப்படம் நான்கே நாட்களில் அரங்கிலிருந்து எடுக்கப்பட்டது. ஹோவின் ‘துயர நகரம்’ படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களுள் ஒருவரான ஊ நியென்-ஜென்தான் யாங்கின் ‘யி யி’ படத்தில் குடும்பத் தலைவராக நடித்தவர். நகராத கேமராவின் நாயகரான சாய் மிங்-லியாங், மூடப்படும் பழைய திரையரங்கொன்றுக்குப் பிரிவுபசாரமாக எடுத்த ‘குட்பை, டிராகன் இன்’ (2003) படத்தில், அவ்வரங்கின் திரையில் ஓடவிட்டது கிங் ஹூவின் ‘டிராகன் இன்’ (1967) என்னும் வாட்போர்ப் படத்தை. இவற்றையெல்லாம் எடுத்துக்கூறினால் அன்பர் திகைப்பதில்லை. இயக்குநர்களுக்குத் தங்களைப் பற்றிய தெளிவு போதாது என்பார்.

எனினும் இவரைப் பழித்து ஒதுக்குவது நன்றியன்று. தைபே நகரத்துக் குடும்பமொன்றின் கதையான ‘யி யி’, உலகெங்கும் கொண்டாடப்பட்டும் தைவானின் திரையரங்குகளில் முறையாக வெளிவந்தது 2017-இல்தான். ‘ஒளிமிகு கோடை நாள்’ படத்தின் தெளிவான பிரதி கிடைக்காத நெடுங்காலம், முகங்கள் மங்கித் தெரியும் ஒளிநாடாக்களில் அது உயிர்பிழைத்துக் கிடந்தது. அந்த மங்கல் பிரதிகளைக் கைமாற்றிக் கொடுத்தவர்களும், கொடுக்கும்போதே படத்தின் தகுதி குறித்துச் சண்டையிட்டவர்களும் இவ்வகையினரே. ஒரு படத்தின் பொருட்டு மோதிக்கொள்ள இருவர் எஞ்சியிருக்கும்வரை அப்படத்துக்கு எங்கோ ஓர் அரங்கு கிடைத்துவிடுகிறது. மூன்றாமவர் வந்து அதைப் பாராட்டும்போதுதான் அவ்விருவரும் ஒருமனப்பட்டு, வேறோர் இயக்குநரைத் தேடிப் புறப்படுகின்றனர்.