அவரை அளக்கும் இரவு

கேள்வி: ஆடியில் விதைத்த பந்தல் அவரை, கல்வராயன் மலைமேல் மேகம் கவியும் கார்த்திகை வரை வெறுங்கொடியாகவே படர்கிறதே, எங்கள் ஊர் வடக்கனந்தல் அவரைக்குச் சோம்பல் அதிகமோ?

பதில்: இரவின் நீளத்தை அளந்துகொண்டிருக்கும் கொடியைச் சோம்பேறி என்பது தகுமா? நாட்டுப் பந்தல் அவரை குறும்பகல் தாவரம், அதாவது பகல் சுருங்கி இரவு நீண்ட பின்னரே அரும்பு கட்டும் இனம் என்பதால், ஆடியில் ஏறத்தாழ 12½ மணி நேரமாக இருக்கும் பகல், மார்கழியை நோக்கி 11½ மணியாகக் குறைந்துவருவதையே பூப்பதற்கான அழைப்பாகக் கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை வேருக்கு ஈரம் தருமேயன்றி நாள் குறித்துத் தருவதில்லை. இரவெல்லாம் தெருவிளக்கு படும் பந்தலில் பூப்பு தள்ளிப்போகக்கூடும் என்பதால், விதை ஊன்றுமுன் விளக்குக் கம்பம் எங்கே என்று பார்ப்பது நல்லது.