ஏழை நாட்டுக்கு உதவ வரும் மருந்துக் கம்பனிக்குச் சில ஆலோசனைகள்

கொழும்புக்கு வருகிறீர்களா? வாருங்கள், ஐயா. எந்தக் குளிசையை இலவசமாகக் கொடுப்பது என்பதை மட்டும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். காசுள்ளவனுக்கு அதிகம் வராத நோயாகப் பார்த்துத் தெரிவது உத்தமம். உதாரணத்துக்கு யானைக்கால்.

2002 முதல் 2006 வரை மேல், தென், வடமேல் மாகாணங்களில் ஆண்டுக்கொரு தடவை டிஈசி குளிசையும் அல்பெண்டசோலும் ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். அல்பெண்டசோல் கிளாக்சோஸ்மித்கிளைனின் நன்கொடை. இந்த நோய் இனி இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லையென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இதில் பகிடியில்லை, நிசமான வெற்றி. ஆனால் ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்கும்போது உங்கள் பெட்டியை மட்டும் எடுங்கள். யானைக்கால் ஒழிப்பு இயக்கம் 1947இலிருந்து இருக்கிறது. நோயைத் தரும் புழுவின் குஞ்சு இரவில்தான் இரத்தத்தில் தலைகாட்டும் என்பதால், கொட்டாஞ்சேனை மாதிரி நெருக்கமான ஒழுங்கைகளில் ஊர் படுக்கப்போகும் நேரத்தில் கதவைத் தட்டி விரலில் குத்தியவர்கள் அதன் ஊழியர்கள். இருட்டில் படம் சரியாக விழாது.

அடுத்தது முக்கியம். இலவசம் கேட்டால் கொடுங்கள், மலிவு கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மலிவு கேட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். நாட்டில் புழங்கிய சுமார் 2,100 மருந்துகளை 600 அளவுக்குக் குறைத்து, வர்த்தகப் பெயரை விட்டு மருந்தின் பெயரில் உலகச் சந்தையில் விலை கேட்டார். 1974இல் கொலரா பரவியது. கூட்டுத்தாபனம் வேறிடத்தில் வாங்கிவைத்திருந்த டெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கொழும்பிலிருந்த பைசர் ஆலையில் அடைத்துத் தரக் கேட்டார்கள். ஆலை இணங்கவில்லை, கப்சியூல்களை விமானத்தில் வரவழைக்க வேண்டியதாயிற்று. பொருளியலாளர் சஞ்சய லாலுடன் சேர்ந்து பிபிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். அவர் 1977இல் கயானாவில் காலமானார். அதே ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனம் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. இங்கே ஆட்சி மாறி, இறக்குமதிக் கதவும் உங்களுக்குத் திறந்தது.

கதவு திறந்தபின் வெள்ளவத்தைக்குப் போங்கள். காலி வீதிப் பாமசியில் நிற்கும் அம்மா டொக்டர் துண்டில் எழுதிய கம்பனிப் பெயரையே கேட்பார். "அதே மருந்துதான் அக்கா, விலை குறைவு" என்று பொடியன் வேறொன்றை நீட்டினால், குறைந்த விலையைக் கண்டதுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். பிபிலேயை வெல்ல உங்களுக்கு வேறு ஒருவரும் தேவையில்லை. இந்த அம்மாவே போதும்.

ஒரேயொரு தொல்லை, அரசாங்கம் இடைக்கிடை விழித்துக்கொள்ளும். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்சவிலை வைத்தார்கள். பதற வேண்டாம். நாற்பத்தொன்பதாவதை எடுத்துக்கொண்டு டொக்டர்மாரைப் போய்ப் பாருங்கள். மாதிரிக் குளிசையைத் தாராளமாகக் கொடுங்கள். அதுவும் இலவசம்தானே.