சும்மா இருக்கும் திரை

லினக்ஸ் டெர்மினலில் கோப்பைச் சேமிக்கலாமென்று கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் திரை உறைந்துபோகிறதே, கணினிக்கு என்ன கோபம்?

கோபமா? பணிவு! அங்கே 'எஸ்' என்றால் 'சேமி' இல்லை, 'சும்மா இரு'.

1963-இல் வந்த 'டெலிடைப் 33' என்ற தொலைத்தட்டச்சு இயந்திரம் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அதன் காகித நாடாவை நிறுத்தவும் ஓட்டவும் பயன்பட்ட குறிகளே இன்றைய கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-க்யூ. க்யூவை அழுத்தினால் திரைக்கு உயிர் வந்துவிடும். தாத்தா காலத்து வழக்கமே வேண்டாமென்றால் 'எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன்' என்ற கட்டளை போதும்.

இதற்கே அலுத்துக்கொண்டால் எப்படி? 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் '#' அடித்தால் முந்தைய எழுத்து அழியும். '@' அடித்தால் வரி முழுவதும் ரத்து! முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டுத்தான் '@' குறியையே காப்பாற்ற வேண்டியிருந்தது.