நாலாம் வசனம்

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் எபேசியர் ஆறாம் அதிகாரத்துக்கு மூன்றே வசனங்கள்தான். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற பகுதியை அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சொல் சொல்லாக நிறுத்தி வாசிப்பார். வாசிக்கும்போதே கடைக்கண் என் மேல் இருக்கும். மூன்றாவது முடிந்ததும் 'ஜெபிப்போம்' என்று சட்டென்று கண்ணை மூடிவிடுவார்.

தகப்பன்மார் பிள்ளைகளுக்குக் கோபமூட்டக் கூடாதென்று பவுல் அடுத்த வரியிலேயே எழுதிவைத்திருப்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? அதற்குள் அடியெல்லாம் வாங்கி முடித்தாயிற்று.

பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளை சி.எஸ்.ஐ.காரர்களான எங்களுக்கு ஐந்தாவது. பக்கத்து வீட்டு ஆர்.சி. நண்பனுக்கு அதுவே நாலாவது. எண்ணிக்கையில்தான் சபைகளுக்குள் வேற்றுமை. வாரியல் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

இப்போது என் மகன் ஞாயிறு பள்ளிக்குப் போகிறான். மனப்பாட வசனப் போட்டிக்கு அதே அதிகாரம். ஒப்பித்தால் டிபன் பாக்ஸ் பரிசாம். நேற்று ராத்திரி ஜெபத்தில் அவனையே வாசிக்கச் சொன்னேன். நான் ஒரு கண்ணால் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேறு விஷயம். மூன்றாவது வசனம் முடிந்தது.

"எப்பா, இன்னும் ஒண்ணு இருக்கு."

"ஏல, நேரமாச்சு. கண்ண மூடு."