இன்டர்னிஸ்ட் தேடுபடலம்: ஓர் ஐந்திணை ஆய்வு

ஜெர்மனியில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். சம்பளத்தில் 14.6 விழுக்காடு, அதன்மேல் ஒரு கூடுதல் தொகை; தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி. பிஸ்மார்க் 1883இல் ஊன்றிய விதை இது. இவ்வளவு முற்றிய மரத்தின் நிழலில் நின்றுகொண்டு, அந்தக் காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொள்ளும் ஓர் இன்டர்னிஸ்ட்டை, அதாவது நம்மூர்க் கணக்கில் எம்.டி. ஜெனரல் மெடிசின் படித்தவரை, ஒருவர் கண்டடைவது எப்படி? ஜெர்மானிய அறிஞர்கள் இக்கேள்வியைச் சுகாதாரப் பொருளாதாரத்தில் வைத்துவிட்டார்கள். பகுப்பில் நேர்ந்த பிழை. இது அகத்திணைக்குரிய பொருள்.

முதல் சான்று: அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டக் கூடாது. மருத்துவ ரகசியச் சட்டமும் அதையே சொல்கிறது. ஆகவே இரத்த அழுத்தம் ஏறிய ஐம்பது வயதுப் பெண்மணி இங்கே தலைவி. மருத்துவர் தலைவன். போனை எடுக்கும் வரவேற்பாளர் வாயில்.

இனி முதற்பொருள். பெரும்பொழுது ஆறென்பது பழைய மரபு, இங்கே நான்குதான். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் எனக் காலாண்டு தொடங்கும் மாதங்களை வைத்தே எல்லாம் நடக்கிறது. பொதுக் காப்பீட்டு நோயாளிக்கு மருத்துவர் பெறும் பணத்தின் பெரும்பகுதி காலாண்டுக்கு ஒரு மொத்தத் தொகை. அதே காலாண்டில் நோயாளி மீண்டும் வந்து நின்றால் அன்பு கூடலாம், வரவு அவ்வளவாகக் கூடாது. சிறுபொழுது: திங்கள் காலை எட்டு மணி. புதன் பிற்பகல் எந்தத் திணைக்கும் ஆகாது; பல கிளினிக்குகள் அன்று மதியத்தோடு கதவைச் சாத்திவிடும். கருப்பொருள்: அட்டை, பரிந்துரைச் சீட்டு, காத்திருப்பு அறையில் போன வருடத்துத் தோட்டக்கலைப் பத்திரிகை.

பாலை. பிரிவும் அலைச்சலும். தலைவி பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அடிக்கிறாள். சில இன்டர்னிஸ்ட்டுகள் குடும்ப மருத்துவர் வரிசையில் அமர்ந்தவர்கள், சிலர் இதயம், குடல் என்று சிறப்பு வரிசைக்குப் போனவர்கள். பெயர்ப்பலகையைப் பார்த்தால் வித்தியாசம் எளிதில் பிடிபடாது. விடை மட்டும் எங்கும் ஒன்று: புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை.

இந்தப் பாலையின் தனிச்சிறப்பு, ஏட்டில் இது வயலாக இருப்பது. 1913 கடைசியில் காப்பீட்டு நிதியங்களும் மருத்துவர் சங்கமும் பெர்லினில் செய்துகொண்ட உடன்பாட்டில் 1,350 காப்பீட்டாளருக்கு ஒரு மருத்துவர் என்று விகிதம் குறித்தார்கள். 1993 முதல் வட்டாரந்தோறும் இன்னின்ன துறைக்கு இத்தனை மருத்துவர் இருக்கை என்று கறாரான கணக்கு வந்தது. அளவுகோலுக்கு என்ன செய்தார்கள்? 1990 இறுதியில் மேற்கு ஜெர்மனியில் எத்தனை பேர் இருந்தார்களோ, அதுவே தேவை என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டில் எத்தனை இட்லி மிஞ்சியிருக்கிறதோ அத்தனைதான் பசி என்று கணக்கெடுத்த மாதிரி. பின்னாளில் திருத்தங்கள் வந்தன, சாயல் போகவில்லை. கணக்கு 110 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த வட்டாரம் மிகைநிறைவு. புது இருக்கை கிடையாது. சிறப்பு வரிசை இன்டர்னிஸ்ட்டுகளைப் பொறுத்தவரை பெரும்பாலான வட்டாரங்கள் மிகைநிறைவுதான். ஆக, அளவுக்கு மேல் இருக்கும் மருத்துவர்களில் ஒருவர்கூட அகப்படவில்லை என்று தலைவி அழுகிறாள். இதைத் திணைமயக்கம் என்று கொள்க.

மருதம். ஊடல். பன்னிரண்டாவது எண்ணில் மனிதக் குரல் கேட்கிறது.

"காஸெயா, பிரிவாட்டா?"

நம் காதில் இது காசு என்றே விழும். வேர்ச்சொல் ஆராய்ச்சியில் குதிக்கும் ஆசையை ஆய்வாளர் அடக்கிக்கொள்ள வேண்டும். இத்தாலியப் பணப்பெட்டியிலிருந்து வந்த சொல் அது. காஸெ என்பவர் கையிலிருந்து காசு தராத பொதுக் காப்பீட்டார். பிரிவாட் என்பவர் தனியார் காப்பீட்டார். சம்பளக்காரர் ஒருவர் அப்படி மாற, 2025 கணக்கில் ஆண்டுக்கு 73,800 யூரோவுக்கு மேல் ஈட்ட வேண்டியிருந்தது. அவருக்கான பில் வேறொரு கட்டணப் பட்டியலிலிருந்து வரும். அதிலுள்ள அடிப்படைத் தொகையை 2.3ஆல் பெருக்குவது வழக்கம்.

தலைவன் ஏன் பரத்தையர் சேரிப் பக்கமே போகிறான் என்பதற்குப் பழைய உரையாசிரியர்கள் எண்ணால் விடை தந்ததில்லை. இங்கே இருக்கிறது: 2.3.

"காஸெ" என்கிறாள் தலைவி. வாயில் மறுக்கிறது. அரசும் சும்மா இருக்கவில்லை. முழு இருக்கை வைத்திருப்பவர் வாரத்துக்குக் குறைந்தது 25 மணி நேரம் பொதுக் காப்பீட்டாரைப் பார்க்க வேண்டும் என்று 2019இல் சட்டம் வந்தது. அதற்கு முன் 20. தலைவன் வீட்டுக்கு வர வேண்டிய நேரத்தைச் சட்டத்தால் குறித்த ஒரே மருதநிலம் இதுவாகலாம்.

நெய்தல். இரங்கல். இணைப்பில் காத்திருக்கும்போது ஒலிக்கும் பியானோ இசை. மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

முல்லை. இருத்தல். இங்கே தோழி வருகிறாள். அவள் பெயர் 116117. 2016 முதல் நேரம் பிடித்துத் தரும் சேவை மையம் இயங்குகிறது. குடும்ப மருத்துவர் தரும் பரிந்துரைச் சீட்டில் பன்னிரண்டு இலக்கக் குறியீடு இருந்தால், நான்கு வாரத்துக்குள் ஒரு சந்திப்புக்கு அவள் ஏற்பாடு செய்ய வேண்டும். அகமரபின்படி குறியிடம் சொல்வது தோழியின் வேலை. அதைச் செவ்வனே செய்கிறாள். ஆனால் இன்ன தலைவன்தான் வேண்டும் என்று தலைவி கேட்க முடியாது. நாள், நேரம், முகவரி வரும். நகரத்தின் மறுகோடியாகவும் இருக்கலாம். தலைவி காலண்டரில் வட்டமிட்டு, கார்காலம் பார்த்திருந்தவளைப் போல நாட்களை எண்ணுகிறாள்.

குறிஞ்சி. கூடல். 67 நாடுகளின் மருத்துவர் சந்திப்பு நேரத்தை ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வந்தது. சுவீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 விநாடி. ஜெர்மனிக்குக் கிடைத்தது 7.6 நிமிடம், ஏறக்குறைய ஏழரை. சனி பகவான் நினைவுக்கு வந்தால் ஆய்வாளர் பொறுப்பல்லர்.

தலைவன் அழுத்தமானியைச் சுற்றுகிறான், காற்றடிக்கிறான், திரையில் ஏதோ தட்டுகிறான். இரத்தம் எடுக்கச் சொல்கிறான். தலைவி சட்டைக் கையை இறக்கிவிட்டபடியே முடிவு எப்போது தெரியும் என்று கேட்கிறாள். அவன் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு சொல்கிறான்:

"போனில் கேட்டுக்கொள்ளலாம். திங்கள் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள்."