நாலு படி ஏறினால் சமத்துவம்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நாளைக் காலை ஒரு விழா நடக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பெயர், 'அனைவருக்குமான உடற்பயிற்சித் திருவிழா'. நடத்துவது யார் என்று கேட்காதீர்கள். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினம் நெருங்கினால் எந்த ஊரிலும் இது முளைக்கும். டீ-சர்ட் நிறம் மட்டும்தான் மாறும்.

ஃபிளக்ஸில் சிறப்பு விருந்தினர் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பார். அவர் காலடியில் தபால்தலை அளவுக்கு ஒரு சக்கர நாற்காலி. அதுவும் இணையத்தில் சுட்ட வெளிநாட்டு நாற்காலி. நம் ரோட்டில் பத்தடி ஓடினால் அதிசயம்.

ஆறு மணி விழாவுக்கு ஐந்தரைக்கே ஒருவர் வந்துவிடுகிறார், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில். பைக் நுழையக் கூடாதென்று வாசலில் இரும்புக் குழாய் நட்டிருக்கிறார்கள்.

"அண்ணே, வண்டி உள்ள போகாதுண்ணே. இங்கிட்டே நிப்பாட்டிட்டு நடந்து வந்துருங்க."

"நடக்க முடிஞ்சா நான் ஏன்டா தம்பி இம்புட்டுத் தூரம் இதுல வாரேன்?"

தம்பி நல்ல பிள்ளை. இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு, அவரை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போகிறான். போட்டோகிராபர் ஓடி வருகிறார். மறுநாள் பேப்பரில் 'நெகிழ்ச்சி' என்று தலைப்பு. கல்யாண வயதில் மகள் இருக்கிற மனுஷனை ஊர் பார்க்க அரிசி மூட்டை மாதிரித் தூக்கிப் போனதற்குப் பெயர் நெகிழ்ச்சி. குழாயை நட்டவன் யார் என்று மட்டும் ஒருத்தரும் எழுத மாட்டார்கள்.

அடுத்து மேடை. நாலு படி, படிக்கு அரையடி என்றால் இரண்டடி உயரம். ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது சாய்தளத்தின் அடிப்படைக் கணக்கு. ஆக, இந்த மேடைக்கு 24 அடி. ஆனால் அங்கே சாத்தி வைத்திருப்பது பந்தல்காரர் மிச்சம் வைத்த ஆறடிப் பலகை. அதன் பெயர் சாய்தளம் இல்லை ஐயா, வழுக்குமரம். எண்ணெய் தடவாததுதான் பாக்கி.

மாரியப்பன் தங்கவேலு பெயர் வராமல் எந்தப் பேச்சும் முடியாது. ஐந்து வயதில் பஸ் மோதி ஒரு கால் நசுங்கிய சேலம் மாவட்டத்துப் பிள்ளை, 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவர் அவ்வளவு உயரம் தாண்டினாரே, மற்றவர்களுக்கு நாலு படி எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் மேடை போடுகிறார்களோ என்னவோ!

உள்ளூர்ப் பெருமை வேண்டுமென்றால் ஜெர்லின் அனிகா. காது கேளாதோருக்கான ஒலிம்பிக் 2022 மே மாதம் பிரேசிலில் நடந்தபோது பாட்மிண்டனில் மூன்று தங்கம் வென்ற மதுரைப் பெண். அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றவர். அவரைப் புகழ்ந்து மைக்கில் அரை மணி நேரம் முழங்குவார்கள். காது கேளாத பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து பேசுபவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். சைகை மொழிபெயர்ப்பாளர் எங்கே என்று கேட்டால், "ஸ்பீக்கர் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள்.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றினோம். நல்ல காரியம். பெயர்ப் பலகையை மாற்றிய கையோடு வாசற்படியையும் மாற்றியிருக்கலாம்.

இது தயவு தாட்சண்ய விவகாரம் இல்லை, சட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. விதிகள் 2017 ஜூனில். பொதுக் கட்டடங்களை ஐந்தே ஆண்டில் எல்லாரும் புழங்கும்படி மாற்ற வேண்டும் என்றது சட்டம். அந்தக் கெடு 2022 ஜூனோடு முடிந்தது. சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்த வசதி விதிகளெல்லாம் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கு என்று மத்திய அரசுக்கு மூன்று மாதம் தவணை கொடுத்தது. நீதிமன்றம் தவணை கொடுக்கும். நாம் விழா எடுப்போம்.

சென்னை மெரினாவில் கடலருகே போக நிரந்தரப் பாதை கேட்டு மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்காகப் போராடினார்கள். அதுவரை டிசம்பரில் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டு எடுத்துவிடுவார்கள். மற்ற நாளில் அவர்களுக்குக் கடல் பார்க்கும் ஆசை வராது பாருங்கள். ஒருவழியாக 2022 நவம்பர் 27இல் மரப்பாதை திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பெயர்த்துவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். புயலைக் குறை சொல்ல முடியாது. அடித்துப் போனதைத் திரும்பப் போட்டார்களே, அந்த அளவுக்கு நன்றி. நம் ஊரில் புயல் அடித்துப் போகிற அளவுக்குக்கூட எதையும் போடுவதில்லையே, அதைச் சொல்லுங்கள்.

இதில் வண்டியூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, அவன் ஊர்த் திருவிழாக் கதையே போதும். துர்வாசர் வந்ததைக் கவனிக்காத குற்றத்துக்குச் சாபம் வாங்கித் தவளையானவர் மண்டூக முனிவர். பெரிய மனுஷன் வந்தபோது எழுந்து நிற்கவில்லை, அவ்வளவுதான்! அவருக்கு மோட்சம் கொடுக்கத்தான் சித்திரையில் அழகர் மலையிறங்கி, ஆற்றிலிறங்கி, வண்டியூரில் தங்கி, மறுநாள் தேனூர் மண்டபத்துக்கு வருகிறார். தவளையை மலைக்குத் தத்தி வரச் சொல்லவில்லை. மேடை போட்டுப் பேசவுமில்லை. வரமுடியாதவன் இருக்கிற இடத்துக்குத் தானே வந்தார். வருஷா வருஷம் லட்சம் பேர் கூடிக் கும்பிட்டுவிட்டு, திரும்பிப் போய் வாசலில் இரும்புக் குழாய் நடுகிறோம்.

ஆகவே வாசகரே, இப்படி ஓர் அழைப்பிதழ் உங்கள் கைக்கு வந்தால் விருந்தினர் பட்டியலைப் படிக்காதீர்கள். நான்கே விவரம் தேடுங்கள்: சாய்தளம் எத்தனை அடி, கழிப்பறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா, சைகை மொழிக்கு யார், தாழ்தள பஸ் உண்டா. நான்கும் இல்லையென்றால் விழாக் குழுவுக்குப் போன் போட்டு, சக்கர நாற்காலியில் இருக்கிறவர் எப்படி உள்ளே வருவார் என்று கேளுங்கள். "தூக்கிக்கலாம் சார்" என்று பதில் வந்தால் அந்த விழாவுக்குப் போகாதீர்கள்.